உப்பளமும் தொழிற்சாலையே: புன்னக்காயல் கழிமுகத்தில் எழுதப்பட வேண்டிய பாதுகாப்புக் கொள்கை

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது புன்னக்காயல். கடலை நம்பி வாழும் மீனவர் ஊர் அது. அதன் சுற்றுவட்டாரத்தில் பழையகாயல், முக்காணி, ஆறுமுகநேரி எனத் தூத்துக்குடிக் கரையோரம் நெடுகிலும் உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டை நிறுத்துவது தூத்துக்குடி மாவட்டமே. அந்தப் பாத்திகளில் இறங்குவோரில் கணிசமானோர் பட்டியல் சாதியினரும் நிலமற்ற பிற உழைக்கும் சாதியினரும் ஆவர். உப்பு வாருவதிலும் சுமப்பதிலும் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது.

பணியிட நலவாழ்வு, பாதுகாப்புக் கொள்கை என்று சொன்னவுடன் கண்ணாடிச் சுவர் கொண்ட நிறுவனங்களும், சுவரில் மாட்டப்பட்ட சட்டமிட்ட ஆவணங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. சுவரே இல்லாத உப்பளத்தில் அதை எங்கே மாட்டுவது? இக்கேள்வியை உப்பள முதலாளிகள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றத்தில் எழுப்பிவிட்டார்கள். நீதிமன்றமும் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலிலிருந்து தொடங்கி, ஓர் உப்பள நிறுவனத்திற்கான பாதுகாப்புக் கொள்கை எவ்வாறு எழுதப்பட வேண்டும், எந்த இடத்தில் அது சாதியோடு மோதும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1961: திறந்த வெளிக்கும் சட்டம் உண்டு

பம்பாயின் வடாலா பகுதியில் உப்பளம் நடத்திவந்த அர்தேஷிர் பிவாண்டிவாலா என்பவர், தொழிற்சாலைக்குரிய உரிமம் பெறவில்லை என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் தரப்பு இரண்டு வாதங்களை முன்வைத்தது. கட்டடம் இல்லாத வெறும் நிலம் 'தொழிற்சாலை வளாகம்' ஆகாது என்பது முதல் வாதம். கடல்நீரை உப்பாக்குவது சூரியனே, மனிதர் அல்லர். எனவே அது 'உற்பத்திச் செயல்முறை' ஆகாது என்பது இரண்டாவது.

உச்ச நீதிமன்றம் 1961இல் இரண்டையும் நிராகரித்தது. வளாகம் என்ற சொல் திறந்த நிலத்தையும் உள்ளடக்கும் என்றது. கடல்நீரைத் தேக்கத்திற்குள் விடுவதும், பாத்தி பாத்தியாக மாற்றுவதும், உரிய செறிவில் நிறுத்துவதும், விளைந்த உப்பை வாரி எடுப்பதும் மனித உழைப்பே என்றும், ஆகவே உப்பளம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் தொழிற்சாலையே என்றும் தீர்ப்பளித்தது.

இரண்டாவது வாதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 3 பாகை பாமே அளவில் உள்ள கடல்நீர் 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 பாகையைத் தாண்டினால் கசப்பான மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். இந்த இடைவெளிக்குள் நீரைப் பிடித்து நிறுத்துவது கண்ணும் காலும் பழகிய தொழிலறிவு. அதைச் 'சூரியன் செய்யும் வேலை' என்று சொல்வது உழைப்பவரைக் காட்சியிலிருந்தே அகற்றிவிடுவதாகும். ஒருவரது உழைப்பு உழைப்பாகவே கருதப்படாவிட்டால், அவரது காயமும் தொழில்சார் காயமாகக் கருதப்படாது. பாதுகாப்பு மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கொள்கை என்பது என்ன?

பிரித்தானியாவில் 1972இல் வெளியான ராபென்ஸ் குழு அறிக்கையின் அடிப்படையில் 1974ஆம் ஆண்டின் பணியிட நலவாழ்வு, பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு வேலையளிப்பாளரும் தம் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வைக்க வேண்டும் என்று அது விதித்தது. இந்தியாவில் அதே கடமை, 1984 போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, 7அ பிரிவாக நுழைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போன பிறகே ஒரு தாளை எழுதச் சொல்லும் பிரிவு வந்தது.

இத்தகைய கொள்கைக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, பொதுக்கூற்று: நிறுவனம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்ற உறுதிமொழி. இரண்டாவது, பொறுப்புப் பகிர்வு: எந்தக் கடமைக்கு யார் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லிக் குறித்தல். மூன்றாவது, ஏற்பாடுகள்: ஒவ்வோர் ஆபத்தையும் எவ்வாறு தடுப்பது என்ற நடைமுறை. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் பகுதியை அழகாக எழுதி, இரண்டாவதைப் பூசி மெழுகி, மூன்றாவதை விட்டுவிடுகின்றன. தொழிலாளரின் உயிர் மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. அதன் 6ஆம் பிரிவு, காயமோ தொழில்சார் நோயோ விளைவிக்கும் ஆபத்துகள் இல்லாத பணியிடம், குறிப்பிட்ட வயது அல்லது வகையைச் சேர்ந்த பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை, பணிநியமனக் கடிதம் ஆகியவற்றை வேலையளிப்பாளரின் கடமையாக்குகிறது. பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளரிடம் வசூலிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. 14ஆம் பிரிவு, பாதுகாப்பு குறித்த தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்கு அளிக்கிறது.

அதே தொகுப்பு மற்றொரு கையால் பறிக்கவும் செய்கிறது. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரம்பு 20 ஆகவும், மின்விசை இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20இலிருந்து 50 ஆகியுள்ளது. சிறு சிறு குத்தகைகளாகப் பிரித்து நடத்தப்படும் உப்பளங்களில் இவ்வரம்புகளுக்குக் கீழே விழுவோரே மிகுதி. எனினும் 10 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திற்கும் 6ஆம் பிரிவின் பொதுக் கடமைகள் பொருந்தும் என்பதைச் செயற்பாட்டாளர்கள் மறந்துவிடக் கூடாது.

உப்பளத்தில் உடலுக்கு நேர்வது

கொள்கை எழுதுவதற்கு முன் ஆபத்துகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எழுதத் தகுந்தவர்கள் பாத்தியில் நிற்பவர்களே.

வெப்பமே முதல் ஆபத்து. வெறும் காற்று வெப்பநிலையை வைத்து இதை அளக்க இயலாது. ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை என்ற அளவீடு உலகெங்கும் பயன்படுகிறது. வெப்பத்துக்குப் பழகிய ஒருவர் மிதமான உடலுழைப்பைத் தொடர்ந்து செய்ய, இந்த அளவு 28 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதாக மதிப்பிட்டனர். 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்ததையும் கண்டனர்.

இரண்டாவது ஆபத்து வெயிலோடு பின்னிப் பிணைந்தது: கழிப்பறை இன்மை. ஒதுங்க மறைவிடம் இல்லாத சமவெளியில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வியர்வையில் நீரிழக்கும் உடல், குடிக்கவும் மறுக்கப்படுகிறது. சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகச் சேதமும் இவ்வழியே வருகின்றன. எனவே உப்பளத்தில் கழிப்பறை என்பது வசதிக் கணக்கில் எழுதப்பட வேண்டியதன்று; வெப்ப நோய்த் தடுப்பின் ஒரு பாகமாகவே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, கண்ணும் தோலும். வெண்மைப் பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி கண்ணை எரிக்கிறது. செறிந்த உப்புநீர் பாதத்தை வெடிக்கச் செய்து, வெடிப்பைப் புண்ணாக்குகிறது. நான்காவது, குனிந்து வாருவதும் தலைச்சுமையும் தரும் முதுகு, கழுத்து, மூட்டு வலிகள். ஐந்தாவது, பலரும் கவனிக்காத ஆபத்துகள்: ஈரத் தரையில் ஓடும் உப்புநீர் மோட்டார்களின் மின்கசிவு, உப்பு அரவை இயந்திரங்களின் மூடப்படாத சுழலும் பாகங்கள், விடியலுக்கு முந்தைய இருட்டில் பாம்புக்கடி. வெயிலுக்குத் தப்பத் தொழிலாளர்கள் தாமாகவே கண்டுபிடித்த வழி, பின்னிரவில் வேலையைத் தொடங்குவது. அந்த நேரத்தில் வெளிச்சமும் பாதுகாப்பான போக்குவரத்தும் தரப்படாவிட்டால், ஓர் ஆபத்துக்கு மாற்றாக இன்னோர் ஆபத்தே கிடைக்கும்.

பெயர் எழுதப்பட வேண்டிய பகுதி

உப்பளத்தில் நில உரிமையாளர் ஒருவர், குத்தகைதாரர் ஒருவர், ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் அல்லது கங்காணி ஒருவர். விபத்து நேர்ந்தால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவர். கொள்கையின் இரண்டாவது பகுதி இந்த ஓட்டையை அடைக்கவே உள்ளது. நிறுவனத்தின் செயல்பாடுகள் மீது இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் உள்ளதோ அவரே தொழிற்சாலையின் பொறுப்பாளர் என்பது சட்டத்தின் நிலைப்பாடு. ஆகவே உரிமம் அல்லது குத்தகை வைத்திருப்பவரின் பெயரும் கையொப்பமும் கொள்கையில் இருந்தாக வேண்டும். தண்ணீர் யார் பொறுப்பு, முதலுதவி யார் பொறுப்பு, வெப்பம் மிகுந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். 'நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும்' என்று முடியும் எந்த வாக்கியமும் கொள்கை ஆகாது. நடவடிக்கை எடுக்க வேண்டியவர் அதில் இல்லை.

ஏற்பாடுகள்: எந்த வரிசையில்?

பாதுகாப்பியலில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே நீக்குவது முதல் படி. குறைந்த ஆபத்துள்ள முறைக்கு மாற்றுவது அடுத்தது. பின்னர் பொறியியல் தடுப்பு. அதன்பின் பணிநேர, பணிமுறை மாற்றம். எல்லாவற்றுக்கும் கடைசியாகவே கையுறை, காலணி, கண்ணாடி. உப்பளங்களில் இவ்வரிசை தலைகீழாகிறது. பேச்சு காலணியில் தொடங்கிக் காலணியிலேயே முடிகிறது. அதையும் தொழிலாளரே வாங்க நேர்கிறது. ஒழுங்கான வரிசையில் எழுதினால் ஏற்பாடுகள் பின்வருமாறு அமையும்.

1. சுமை: தலைச்சுமைக்கு மாற்றாகத் தள்ளுவண்டியோ கடத்துபட்டையோ. அது வரும்வரை ஒரு சுமையின் எடைக்கு எழுதப்பட்ட உச்சவரம்பு.

2. நிழல்: பாத்தியிலிருந்து சில நிமிடங்களில் நடந்து சேரக்கூடிய தொலைவில், அனைவரும் ஒரே நேரத்தில் உட்காரக்கூடிய கூரை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2005இல் திறந்தவெளித் தொழிலாளருக்கென வெப்ப விதியை இயற்றியது. இன்று அங்கு ஏறத்தாழ 27 டிகிரியைத் தாண்டினாலே நிழல் கட்டாயம்.

3. தண்ணீர்: அதே விதியின்படி ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஐந்து மணி நேர வேலைக்கு 20 பேருக்கு 100 லிட்டர். இந்தக் கணக்கு கொள்கையிலேயே எழுதப்பட வேண்டும்.

4. ஓய்வும் வேலை நிறுத்தமும்: கத்தார் அரசு 2021இல் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை 32.1 டிகிரியைத் தாண்டினால் திறந்தவெளி வேலையை நிறுத்த ஆணையிட்டது. அங்கு வேலைக்குச் சென்ற நம்மவருக்குத் தாளிலாவது கிடைத்த இந்த உரிமை, ஊரில் உப்பு வாரும் அவர் தாய்க்கு இல்லை. ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்ற வரி இன்றேல் இவ்வேற்பாடு இயங்காது. எடைக்கோ பாத்திக்கோ கூலி வாங்குபவர் ஓய்வை இழப்பாகவே காண்பார்.

5. கழிப்பறை: தொகுப்பின்படி ஆண், பெண், திருநர் ஆகியோருக்குத் தனித்தனியே. நிலையான கட்டடம் எழுப்ப இயலாத இடத்தில் நடமாடும் கழிப்பறை. நீரும் மாதவிடாய்க் கழிவுக்கான ஏற்பாடும் அதனுடன்.

6. காலணி, கையுறை, கறுப்புக் கண்ணாடி: நிறுவனச் செலவில், தேய்ந்தவுடன் மாற்றித் தரும் உறுதியுடன். உப்புநீர் உள்ளே புகுந்து தங்கும் காலணி, வெறுங்காலைவிடக் கேடு செய்யும்; ஆகவே தேர்வில் தொழிலாளரின் சொல்லே முடிவாக வேண்டும்.

7. பரிசோதனை: ஆண்டுக்கு ஒருமுறை கண், தோல், இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு. முடிவின் நகல் தொழிலாளர் கையில்.

8. விபத்துப் பதிவேடு: மயக்கம், வழுக்கி விழுதல், மின்னதிர்வு, பாம்புக்கடி ஒவ்வொன்றும் அன்றே பதியப்பட வேண்டும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் மரணத்துக்கு வெப்பமே காரணம் என்று நிறுவப்பட வேண்டும். பதிவேடு இல்லாத உப்பளத்தில் மயங்கி விழுந்தவர் 'மாரடைப்பால்' இறந்தவராகவே முடிந்துபோவார்.

9. வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் புன்னக்காயலுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. பாத்திகளும் குவித்து வைத்திருந்த உப்பும் மூழ்கின. கழிமுகத்து நிறுவனத்தின் கொள்கையில் எச்சரிக்கை, வெளியேற்றம், வேலையிழந்த நாட்களுக்கான ஊதியம் ஆகியவை இடம்பெறாவிட்டால் அது இந்த நிலத்துக்குரிய கொள்கை அன்று.

இவ்வளவும் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சொல்லப்படலாம். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடையே சிறுநீரக நோய் பரவியபோதும் இதே மறுப்பு எழுந்தது. தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறையாக வழங்கியதும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. அங்கே தேவைப்பட்டது புதிய மருந்தோ இயந்திரமோ அன்று.

சாதி: கொள்கையில் விடுபடும் அத்தியாயம்

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, உழைப்பாளர்களையே பிரிப்பது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அவரே, தொழிற்சாலைகளின் வார வேலைநேரத்தை 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். உடலின் களைப்பையும் சாதியின் இழிவையும் ஒரே போராட்டத்தின் இரு முனைகளாகக் கண்டவர் அவர். பாதுகாப்புக் கொள்கையையும் அவ்வாறே படிக்க வேண்டும்.

மேற்சொன்ன ஏற்பாடுகள் ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர்ப் பானையில் எல்லோரும் ஒரே குவளையை எடுக்க முடியுமா? நிழற்கூரையின் கீழ் யார் நடுவில் அமர்கிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள்? கழிப்பறையைக் கழுவும் வேலை யார் தலையில் விழுகிறது? கடினமான பாத்தியும் அதிகச் சுமையும் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன? குறையை எழுதிக் கொடுக்கும் பெண்ணுக்கு மறுநாள் வேலை உண்டா? சாதியைப் பற்றி மௌனம் காக்கும் கொள்கை, தண்ணீர் வைத்துவிட்டு அதை எட்டவிடாமல் செய்யும்.

ஆகவே கொள்கையில் சாதிப் பாகுபாடும் ஒரு பணியிட ஆபத்தாகவே பெயரிட்டு எழுதப்பட வேண்டும். தீண்டாமை அரசமைப்பின் 17ஆம் உறுப்பால் ஒழிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உப்பளத்துக்கும் பொருந்தும் என்பதைக் கொள்கை நினைவூட்ட வேண்டும். வேலை ஒதுக்கீடு சுழற்சி முறையில், எழுத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் பட்டியல் சாதிப் பெண் தொழிலாளர்களுக்கு உறுதியான இடம் வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் இருந்தால் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். இவ்விவரம் பின்னிரவில் பாத்திக்கு நடந்து வரும் பெண் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தாளிலிருந்து தரைக்கு

மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு 2022 முதல் வழங்கிவருகிறது. தொழிலாளர் போராட்டங்களுக்குக் கிடைத்த பலன் அது. ஆனால் நிவாரணம் வேலையில்லாத மாதங்களுக்கானது. வேலை நடக்கும் மாதங்களில் உடலைக் காப்பது வேலையளிப்பாளரின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இடமளிக்கக் கூடாது. தொழிலாளரின் நலவாழ்வு அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் சேர்த்துக்கொண்டது.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. தம் வட்டாரத்தில் எத்தனை உப்பளங்கள் தொழிற்சாலைகளாகப் பதிவு பெற்றுள்ளன, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, எத்தனை விபத்துகள் அறிவிக்கப்பட்டன என்ற மூன்று கேள்விகளைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தரப்பட வேண்டும். தொழிலாளர்களோடு அமர்ந்து அவர்கள் சொற்களிலேயே ஆபத்துப் பட்டியலைத் தயாரிக்கலாம். அதைச் சங்கத்தின் வழியாக வேலையளிப்பாளரிடம் கொடுத்து, எழுத்து வடிவக் கொள்கையைக் கோரலாம். கொள்கை வந்தபின் அது தட்டுமேட்டில் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். எழுத்தறியாதவர் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் வேண்டும்.

எழுதப்பட்ட கொள்கை தானாக யாரையும் காப்பதில்லை. ஆனால் எழுதப்படாத இடத்தில் குற்றம் சாட்டுவதற்குக்கூட ஒரு வரி இருப்பதில்லை. உப்பளம் தொழிற்சாலையே என்று 1961இல் சொல்லியாகிவிட்டது. அங்கு வேலை செய்பவர் தொழிலாளர், அவர் உடலுக்கு நேர்வது தொழில்சார் தீங்கு என்பதை ஒவ்வொரு பாத்தியிலும் எழுதி வாங்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.